தட்டோடு வந்தவர்களை நான் நிறுத்தவில்லை

கோயிலில் இப்போது இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். போனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் அதுவாகப் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு ஒரு எண் வரும், அதை அழுத்த வேண்டும். அந்த எண் எங்கே வரும்? பெட்டிக்குள் இருக்கிற போனுக்கே வரும். முதல் வெள்ளிக்கிழமை அன்று ஜனங்கள் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று, உள்ளே எண் வந்து விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டி விற்றவன் மறுநாள் வந்து எதையோ மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தப் பெட்டிகளுக்குக் காவலாகச் செல்வி என்று ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். தானாகப் பூட்டிக்கொள்கிற பெட்டிக்கு ஆள் எதற்கு என்று கேட்டேன். "பெட்டிய யாரு நம்புறா அத்தை?" என்றாள். நல்ல பெண். பெட்டி வருவதற்கு முன்னால் இந்த வேலையை நான் எப்படிப் பார்த்தேன் என்று அவள்தான் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழையைச் செல்வி திருத்துவாள். ஆனால் சொன்னதில் ஒரு வரியை எடுக்கவோ சேர்க்கவோ கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். என் பேச்சை ஒரு தடவை வெட்டி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. மில் மூடியதும் நான் நெல்லித்தோப்பிலிருந்து நடந்து வந்து இந்தக் கோயில் வாசலில் செருப்பு பார்க்க உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷம். அதில் சொல்ல அதிகம் இல்லை. மூன்று நாளில் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு, உள்ளே போன் கூடாது என்று சட்டம் வந்தது. போன்களை வாங்கி வைக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். மணியக்காரர் என்னைக் கூப்பிட்டார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவரை நாங்கள் மணியக்காரர் என்போம்.

அறங்காவலர்களில் ஒருவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார்.

"செருப்பு தொட்ட கை. சாமி படம் வெச்ச போனைத் தொடலாமா?"

"அந்தப் போன் எங்கெங்க போயிட்டு வருதுன்னு எனக்குத் தெரியுங்கய்யா. காலையில கக்கூசுக்குப் போவும்போது நீங்க எதக் கையில எடுத்துக்கினு போறீங்க?"

மணியக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்க ஆரம்பித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தாலும் அதைத்தான் செய்வார், கோபம் வந்தாலும் அதைத்தான் செய்வார். துடைத்து முடிக்கும் வரை யாரும் பேச மாட்டோம். துடைத்து மாட்டிக்கொண்டு, "தனம், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு உக்காரும்மா" என்றார். விஷயம் முடிந்தது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

என் வேலை இப்படி. ஆள் வந்ததும் போனை என் கண்ணெதிரே அணைக்கச் சொல்வேன். அணைப்பதற்கு முன்னால் முகப்பில் என்ன படம் என்று பார்த்துக்கொள்வேன். பேரை எழுதி வைக்க எனக்குக் கை வராது. படம் மனதில் நிற்கும். மரத்தட்டில் நாற்பத்தெட்டு குழி. குழிக்கு ஒரு எண் போட்ட பித்தளை வில்லை. வில்லையை ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனைக் குப்புற வைப்பேன். திரும்பி வந்தால் வில்லையை வாங்கிக்கொண்டு, "மேல இன்னா படம்?" என்று கேட்பேன். "என் பேத்தி, மொட்டை அடிச்ச படம்." சரி. "பனி கொட்டுற மாதிரி ஒரு தெரு." அது பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த ஆள். சொன்னது சரியாக இருந்தால்தான் கொடுப்பேன். வில்லையை யாரும் திருடலாம். பேத்தி மொட்டை அடித்ததை யார் திருட முடியும்?

அப்படி இறுமாந்திருந்தேன். ஒரு மாசத்தில் அதற்கும் வேட்டு வைத்தார்கள். ஒரு அம்மன் படம், கையில் விளக்கோடு. இதை ஒன்பது நாள் போன் முகப்பில் வைத்து ஒன்பது பேருக்கு அனுப்பினால் நினைத்தது நடக்கும், அழித்தால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று ஒரு சேதி. யார் கிளப்பினார்களோ தெரியாது. எல்லாப் போனிலும் அதே அம்மன். "மேல இன்னா படம்?" என்றால் எல்லோருக்கும் ஒரே பதில். நெரிசலில் வில்லை எண்ணைச் சரியாகப் பார்க்காமல், லாஸ்பேட்டை ஆபீஸ் கிளார்க்கு ஒருவருடைய போனைப் பூக்காரிக்கும், பூக்காரி போனை அவருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பூக்காரி அவர் பெண்டாட்டியிடம் பேச, அந்த அம்மாள், "யாருடி நீ?" என்று கத்த, சாயங்காலம் மூன்று பேரும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

"நம்பிக் குடுத்தோமே!" என்றார் கிளார்க்கு.

"எவனோ பேர் தெரியாதவன் அனுப்புனத நம்பி வெச்சீங்களே சார், அந்த நம்பிக்கை முன்னால என்னுது எம்மாத்திரம்?" என்றேன். வாய் பேசினாலும் தப்பு என்னுடையது. அன்றிலிருந்து நான் படத்தோடு சேர்த்துக் கீறலையும் பார்க்கப் பழகினேன். எந்த மூலையில் விரிசல், உறையில் எங்கே பிய்ந்திருக்கிறது, எந்தப் பொத்தான் தேய்ந்திருக்கிறது. இரண்டு போனுக்கு ஒரே மாதிரி அடி பட்டு நான் பார்த்ததில்லை.

இனி தட்டு விஷயம். உபயம் செய்கிறவர்கள், அதாவது அன்றைய அபிஷேகத்தைத் தங்கள் செலவில் நடத்துகிற குடும்பம், புடவை, பழம், தேங்காய், வெற்றிலை எல்லாம் தட்டில் அடுக்கி, வாசலிலிருந்து கையில் தூக்கிக்கொண்டு மேளத்தோடு உள்ளே போவார்கள். தூக்கிய தட்டைச் சாமி முன்னால்தான் இறக்க வேண்டும். நடுவில் இறக்கக் கூடாது, நின்று பேசக் கூடாது. இரண்டு கையிலும் தட்டு இருக்கும்போது போனை எப்படி எடுத்துக் கொடுப்பார்கள்? முதல் வருஷம் நான் நிறுத்தித்தான் கேட்டேன். ஒரு அம்மாள் முகம் சிவந்து போனாள். மணியக்காரர் கூப்பிட்டனுப்பினார்.

"தட்டோட வர்றவங்கள நிறுத்தாதம்மா. அபசகுனமா எடுத்துக்கிறாங்க."

"சட்டம் எல்லாருக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்." கண்ணாடியைத் துடைத்தார். "தட்டு தவிர."

எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பிறகு தட்டைப் பார்த்தால் நானே எழுந்து வழிவிட்டேன்.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டம் தெருவரைக்கும் நின்றது. தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மீனவர் கிராமத்திலிருந்து ஒரு அம்மாளும் மகளும் வந்தார்கள். அம்மாள் பேர் அஞ்சலை, மீன் விற்கிறவள். மகள் மீனாட்சி, நர்சு படிப்பில் கடைசி வருஷம். இரண்டு போன் கொடுத்தார்கள். அம்மாள் போன் பொத்தான் வைத்த பழைய போன், ரப்பர் பாண்டு போட்டிருந்தது. மகள் போன் முகப்பில் படகுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு ஆள், அவள் அப்பா. வலது மேல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல், அது அந்த ஆளின் தோள் மேல் போகும். இரண்டையும் வைத்துவிட்டு வில்லை கொடுத்தேன். அவர்கள் உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். அதுவரை இரண்டும் என் கைக்கெட்டும் தூரத்தில் குப்புறக் கிடந்தன.

அன்றைய உபயக்காரர் பெரிய மனுஷர். 'கைபேசி கொண்டு செல்லக் கூடாது' என்று வாசலில் மாட்டியிருக்கிற பலகையே அவருடைய உபயம்தான், அடியில் அவர் பேர் இருக்கும். அவர் பெண்டாட்டி தட்டோடு வந்தாள். நான் எழுந்து நின்றேன். தட்டில் வெற்றிலைக்கு அடியில் ஒரு வெளிச்சம் மினுக்கென்று வந்து போனது. பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து வீட்டுக்காரி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருக்கா, உங்க கோயிலு! நேத்துலேருந்து சுத்துது!"

அம்மனுக்குத் திரை போட்டு அலங்காரம் நடக்கிற நேரம். திரை இடுக்கு வழியாகப் படம் எடுத்திருக்கிறார்கள். புடவை கட்டாத அம்மனைப் பாதி தெரிகிற மாதிரி. பார்க்கவே கூடாது, படம் எடுக்கிறதாவது. இடுக்குக்கு ஓரமாக, திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் வரிசை. அதில் மீனாட்சி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். மேலும் கீழும் எழுத்து ஓடியது.

"இன்னா எழுதியிருக்கு?"

"அம்மன் மானத்தை வாங்கிட்டு இளிக்கிறாளாம். விளம்பரத்துக்காக எடுத்துப் போட்டாளாம். மீன் வித்த கையோட கோயிலுக்கு வர்றதுங்கன்னு போட்டிருக்கான். எல்லாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கான். நான் அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டியா?"

"சாமி விஷயமாச்சேக்கா!"

எனக்கு அந்த எழுத்தை ஓடுகிற வேகத்தில் படிக்க முடியாது. அதனால் படத்தை மட்டும் பார்த்தேன். நாலு தடவை போடச் சொன்னேன். படத்தில் நிற்கிறவள் எப்படிப் படம் எடுப்பாள்? ஊரில் இத்தனை பேர் பார்த்தார்களே, ஒருத்தருக்குமா இது தோன்றவில்லை? அப்புறம் படத்தின் அடி விளிம்பைப் பார்த்தேன். மங்கலாக ஒரு மஞ்சள். வாழைப்பழ நுனி. அதை ஒட்டி வெற்றிலைக் காம்பு. போன் தட்டில் சாய்ந்து நின்றிருக்கிறது.

நான் எழுந்து வழிவிட்ட தட்டு.

திங்கட்கிழமை அஞ்சலை நேராக என்னிடம் வந்தாள். மீன் கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். வழியில் அவளைப் பார்த்து இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள். கூடை காலி, நான் பார்த்தேன்.

"யக்கா, எம் பொண்ணு போனை உன் கையிலதான குடுத்தா? உன் வாயால சொல்லு."

"என் கையிலதான் குடுத்தா."

"காலேஜுல வராதன்னு சொல்லிட்டாங்க. கோயில்லேருந்து லெட்டர் வாங்கியாந்தா பாக்கலாம்ங்கிறாங்க. இல்லன்னா பரீட்சை எழுத முடியாது. மூணு நாளா சோறு திங்கல அவ. வந்து சொல்றியா, மாட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு டிவிக்காரப் பையன் மைக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டான். எங்கிருந்துதான் மோப்பம் பிடிப்பார்களோ. "அம்மா, அந்தப் பொண்ணு போனை மறைச்சு எடுத்துட்டுப் போனத நீங்க பாத்தீங்கதானே?"

"நீ போனைக் குடுத்துட்டு இந்தப் பக்கம் வா."

"இது மைக்கும்மா. அவரு வெச்சிருக்கிறது கேமரா."

"படம் எடுக்குமா?"

"எடுக்கும்."

"அப்போ குடு."

அவன் கேமராக்காரனைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். கேள்வியிலேயே பதிலை வைத்துக்கொண்டு வருகிறவனிடம் என்ன பேசுவது? அஞ்சலை அவனைப் பிடித்துக் கொண்டாள். "ஏம்பா, யார் வூட்டுப் பொண்ணுன்னு தெரியாமலே வட்டம் போட்டுக் காட்டுறியே, உங்க வூட்டுப் பொண்ணுக்குப் போடுவியா?" அதையும் அவன் படம் எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை மணியக்காரர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மணியக்காரர், விபூதிக்கார அறங்காவலர், மீனாட்சியின் காலேஜிலிருந்து ஒரு டீச்சரம்மா. மீனாட்சி சுவர் ஓரமாக நின்றாள்.

மணியக்காரர் கேட்டார், நான் சொன்னேன். எந்தக் குழி, எந்தப் படம், எந்த மூலையில் விரிசல். டீச்சரம்மா மீனாட்சி போனை வாங்கிப் பார்த்தாள். விரிசல் தோள் மேலேதான் போயிருந்தது.

"சரி. இந்தப் பொண்ணு போன் வெளியதான் இருந்துது," என்றாள் டீச்சரம்மா. "அப்போ யாரு போன்லதான் எடுத்தாங்க?"

அறங்காவலர் அவசரமாகப் பேசினார். "ஆடி வெள்ளி, நெரிசல். எவனாவது மடியில கட்டிக்கினு போயிருப்பான். வயசான பொம்பள, கவனிச்சிருக்க மாட்டா."

மணியக்காரர் காகிதம் எடுத்து எழுதினார். எழுதியதை எனக்கு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். மீனாட்சி, அஞ்சலை இருவருடைய போனும் காப்பிடத்தில் இருந்தன. வேறு யாரோ ஒருவர் எடுத்துச் சென்றதைக் கூட்ட நெரிசலில் நான் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். பேனாவை என் பக்கம் தள்ளினார். "போட்டுடும்மா. எல்லாருக்கும் நல்லது."

யோசித்துப் பார்த்தால் அது போதும். மீனாட்சி தப்பித்துவிடுவாள். என் வேலையும் இருக்கும். வட்டம் போட்டவனும் அடுத்த வட்டத்துக்குப் போய்விடுவான். ஆனால் 'கவனிக்கவில்லை' என்ற வார்த்தையை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த 'யாரோ' வேண்டுமானால் நாளைக்கு மறுபடியும் மீனாட்சியாகவே மாறும் என்றும் தோன்றியது. யார் எடுத்தார்கள் என்று சொல்லாத வரைக்கும் ஜனங்கள் பார்த்த முகத்தைத்தான் நம்புவார்கள்.

"கவனிக்கலன்னு எழுதாதீங்க."

"வேற எப்படிம்மா எழுதுறது?"

"தட்டுல வெற்றிலைக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சுது. பார்த்தேன். பார்த்தும் விட்டேன். அப்படி எழுதுங்க."

அறங்காவலர் எழுந்துவிட்டார். "யாரு தட்டு? யாரப் பத்திப் பேசுறன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியும். பலகையில பேரு போட்டிருக்குதே."

மணியக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "தனம், பார்த்தும் விட்டேன்னு எழுதினா வேலை போயிடும்மா. கவனிக்கலன்னா வயசுக்கு மன்னிச்சிடுவாங்க."

"போனா போவுது. போன் வாங்கி வெச்ச இந்தப் பதினோரு வருஷத்துல நான் கவனிக்காம ஒரு போன் உள்ள போனதில்ல. தட்டை நிறுத்தாதன்னு நீங்க சொன்னதையும் சேர்த்து எழுதுங்க."

அவர் எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவரையும் நான் சந்தேகப்பட்டேன். அவர் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு காகிதம் எடுத்தார். நான் சொன்னதை எழுதினார். 'என் வாய்மொழி உத்தரவின்படி' என்று தன்னையும் எழுதிக்கொண்டார். இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தேய்ந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். ரேகை இல்லை, கையெழுத்து.

உபயக்காரர் பெண்டாட்டியை விசாரித்தபோது அழுதுவிட்டாளாம். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு அலங்காரம் காட்டத்தான் எடுத்தாளாம், சொந்தக்காரர்களுக்குள் அனுப்பினாளாம், அங்கிருந்து எவனோ எடுத்து வட்டம் போட்டிருக்கிறான். இருக்கலாம். யாரையும் கெடுக்க நினைத்து அவள் எடுக்கவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வட்டம் ஓடிய நாலு நாளும் அவள் வாயைத் திறக்கவில்லையே. அதையும் பக்தி என்று சொல்வார்களோ என்னவோ.

நான் வெளியே வந்தபோது அந்த டிவிக்காரப் பையன் மறுபடியும் மைக்கை நீட்டினான். இந்தத் தடவை சொன்னேன். "விட்டது என் தப்பு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது. அவ போன் என் கையில இருந்துது." இவ்வளவும் சொன்னேன். அன்று சாயங்காலம் டிவியில் "விட்டது என் தப்பு" என்பது வரைக்கும் வந்தது. உடனே மீனாட்சி முகமும் சிவப்பு வட்டமும். ஏதோ நான்தான் அவளைப் போனோடு உள்ளே விட்டேன் என்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி அதையும் எனக்குக் காட்டினாள். "நீ சொன்னதுதானக்கா?" என்றாள். நான் சொன்னதுதான், இல்லையென்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து யார் பேசுவதை டிவியில் பார்த்தாலும், இந்த ஆள் இதற்கு அடுத்தாற்போல் என்ன சொல்லியிருப்பான் என்றுதான் யோசிக்கிறேன்.

அடுத்த வாரம் எனக்குச் சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வயது காரணமாக என்று சொன்னார்கள். மணியக்காரரும் வருஷக் கடைசியில் போய்விட்டார். பலகை அப்படியே இருக்கிறது, பேரோடு.

காகிதத்தைக் காலேஜில் ஏற்றுக்கொண்டார்கள். மீனாட்சி பரீட்சை எழுதிப் பாஸ் செய்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள், வெள்ளைச் சட்டையோடு என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அந்த லெட்டரைக் காலேஜ்ல எல்லார் முன்னாடியும் படிச்சாங்க பெரிம்மா."

"முழுசா படிச்சாங்களா?"

"முழுசா படிச்சாங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் எழுந்து போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? பார்த்தும் ஏன் விட்டீங்க?"

அதை யாரும் கேட்டதில்லை. மணியக்காரர் கேட்கவில்லை, டிவிக்காரன் கேட்கவில்லை. உத்தரவு என்று சொல்லலாம். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெளிச்சத்தைப் பார்த்த பிறகு உத்தரவு ஏது?

"அந்தம்மா என்னப் பாத்துச் சிரிச்சா," என்றேன். "பதினெட்டு வருஷம் செருப்பு குடுத்தப்போ ஒரு நாளும் என் முகத்தைப் பாத்தவ இல்ல. அன்னிக்குப் பாத்துச் சிரிச்சா."

மீனாட்சி ஜிப்பை முழுசாக மூடினாள்.

"நானும் அன்னிக்கு எங்கம்மாவைப் பாத்துச் சிரிச்சேன் பெரிம்மா. அவ்ளோதான்."

காபி போடட்டுமா என்று கேட்டேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.